ஓர் எழுத்து குறைந்த ரேம்

புதிய ரேம் கார்டு மடிக்கணினியின் ஸ்லாட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. இரண்டு பக்கக் கவ்விகளும் 'டக்' என்று மூடிக்கொண்டன. பின்மூடியைத் திருகி, பேட்டரியைச் செருகி, பொத்தானை அழுத்தினேன். விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. இரண்டு நிமிடம் பார்த்தேன், ஐந்து நிமிடம் பார்த்தேன். அருகில் நின்ற அக்கா மகள், "மாமா, என் ப்ராஜெக்ட் முழுக்க இதில்தான் இருக்கிறது" என்று மெல்லிய குரலில் சொன்னாள்.

எனக்கு வியர்த்துவிட்டது. புதிய கார்டைக் கழற்றிவிட்டுப் பழைய 4 ஜிபி கார்டை மட்டும் வைத்து மறுபடி பொத்தானை அழுத்தினேன். எப்போதும்போல் திரை வந்தது. அவள் கோப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. அவள் முகம் தெளிந்தது. எனக்கு மட்டும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. பளபளவென்று புதிதாக வந்த கார்டு. விளிம்புப் பள்ளம் பொருந்தியது, தங்கநிறப் பின்கள் பொருந்தின, வேகம் பொருந்தியது. பிறகு ஏன் எழவில்லை?

மறுநாள் விடை கிடைத்தது. கார்டில் பழுதில்லை, மடிக்கணினியிலும் பழுதில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்து குறைந்திருந்தது. காசு கொடுப்பதற்கு முன் நான் படித்திருக்க வேண்டிய எழுத்து அது. பழைய மடிக்கணினிக்கு ரேம் வாங்கப் போகும் யாரும் என்னைப்போல் அந்த ஐந்து நிமிடங்களைக் கடக்கக் கூடாது என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த இயந்திரத்தைப் பற்றி. அக்கா 2014-இல் வாங்கியது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5-4210யு செயலி, 4 ஜிபி ரேம். பத்து ஆண்டுகளுக்கு மேல் வீட்டுக்கு உழைத்திருக்கிறது. விசைப்பலகையில் இரண்டு எழுத்துகள் தேய்ந்து அழிந்துவிட்டன. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 இந்தச் செயலியை ஏற்பதில்லை. எனவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தேன். பழைய வன்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் பாகமில்லாத வேகமான வட்டான எஸ்எஸ்டி போடும் வேலை அதற்கு முந்தைய ஆண்டே முடிந்திருந்தது. (உங்கள் மடிக்கணினியில் இன்னும் சுழலும் வன்தட்டுதான் இருக்கிறது, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், முதலில் எஸ்எஸ்டி போடுங்கள். ரேம் பிறகு வரட்டும்.)

ஆனாலும் உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்துவைத்துக்கொண்டு, கூடவே ஆவணமும் எழுதினால் 4 ஜிபி திணறியது. ரேமில், அதாவது வேலை நடக்கும்போது தகவல்களை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகத்தில், இடம் தீர்ந்ததும் கணினி அதிலிருப்பதைத் தூக்கி வட்டில் வைக்கிறது. தேவைப்படும்போது மறுபடி எடுத்து வருகிறது. இந்தப் போக்குவரத்தில்தான் நேரம் போகிறது. சுட்டியை அசைத்தால் அரை நொடி கழித்துத் திரையில் அசைகிறது. உள்ளே இரண்டு ஸ்லாட்டுகளில் ஒன்று காலியாக இருந்தது. அதில் ஓர் 8 ஜிபி கார்டைப் போட்டால் 12 ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் தவறில்லை.

இணையக் கடையில் 'டிடிஆர்3, 8 ஜிபி, 1600, லேப்டாப்' என்று தேடினேன். (டிடிஆர்3 என்பது ரேமின் தலைமுறை, 1600 அதன் வேகம்.) வந்தவற்றில் மலிவானதை வாங்கினேன். அதன் பலன்தான் அந்தக் கறுப்புத் திரை.

மறுநாள் காலை, எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருபது ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் அண்ணனிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "பழைய கார்டைக் கழற்றிக் கொண்டுவந்தீர்களா, தம்பி?" மடிக்கணினியையே கொண்டுபோயிருந்தேன். பழையதைக் கழற்றி, புதியதையும் அதன் பக்கத்தில் வைத்து, மேசை விளக்கோடு இணைத்திருந்த பூதக்கண்ணாடியை இழுத்தார். பழைய கார்டின் ஒட்டுத்தாளில் 'பிசி3எல்-12800எஸ்' என்று இருந்தது. புதியதில் 'பிசி3-12800எஸ்'. 'எல்' என்ற எழுத்தின் கீழ் நகத்தை வைத்துக் காட்டி, "இதுதான் இல்லை" என்றார்.

ஒட்டுத்தாளில் 'பிசி3' என்றால் டிடிஆர்3. அந்த 'எல்' குறைந்த மின்னழுத்தத்தைக் குறிக்கிறது. சாதாரண டிடிஆர்3 ரேமுக்கு 1.5 வோல்ட் வேண்டும். 2010-இல் தரநிலையாக வந்த டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் ஓடும். நான்காம் தலைமுறை இன்டெல் மடிக்கணினிகள் இந்த 1.35-க்கென்றே அமைந்தவை. 1.5 வோல்ட் கேட்கும் கார்டை அதில் போட்டால் பெரும்பாலும் எழாது. சில இயந்திரங்களில் எழலாம். எழுந்தாலும் எந்த நேரத்தில் உறையும் என்று சொல்ல முடியாது. இரண்டு வகைக்கும் 204 பின்கள்தான், பள்ளமும் ஒரே இடத்தில்தான். கைக்கும் கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது, ஒட்டுத்தாளைப் படித்தால்தான் தெரியும்.

மற்ற ரேம் தலைமுறைகளில் இப்படி ஏமாற வழி குறைவு. மடிக்கணினிக்கான டிடிஆர்2 கார்டில் 200 பின்கள், டிடிஆர்4-இல் 260, டிடிஆர்5-இல் 262. பள்ளம் இருக்கும் இடமும் வேறு. தவறானதைச் செருகப் போனால் கார்டே தடுத்துவிடும். டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-க்கும் நடுவில் மட்டும் அந்தத் தடுப்பு இல்லை. இதில் ஓர் ஆறுதல் உண்டு. 'எல்' உள்ள கார்டு 1.5 வோல்ட்டிலும் ஓடும்படிதான் தரநிலை வகுக்கப்பட்டிருக்கிறது. எனவே இரண்டாம், மூன்றாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்ட இயந்திரத்துக்கு வாங்கும்போதுகூட 'எல்' உள்ளதையே வாங்கிவிட்டால் இந்த ஒரு கவலை விட்டது.

நான் நின்றுகொண்டிருக்கும்போதே அண்ணன் இன்னொன்றும் செய்தார். மேசையில் 2011-ஆம் ஆண்டு வாக்கில் வந்த மடிக்கணினி ஒன்று பழுதுக்குத் திறந்து கிடந்தது. இரண்டாம் தலைமுறை ஐ3. என்னுடைய அந்த 'எல்' இல்லாத கார்டை எடுத்து அதில் செருகிப் பொத்தானை அழுத்தினார். மூன்றாவது நொடியில் தயாரிப்பாளரின் சின்னம் திரையில் வந்து நின்றது. முதல் நாள் மாலை முழுவதும் செத்தது என்று நான் நினைத்திருந்த கார்டு அது. அந்த மடிக்கணினியின் உரிமையாளருக்கு அதையே கொடுத்துவிடலாமா என்று கேட்டார். மகிழ்ச்சியோடு கொடுத்தேன்.

அவர் அந்த ஒட்டுத்தாளை வாசிக்கக் கற்றுக்கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். பழைய கார்டில் முழுவதும் இப்படி இருந்தது: '4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ்-11-13-பி4'. கொள்ளளவு விளங்கும். 'பிசி3எல்' தலைமுறையும் மின்னழுத்தமும். 12800 என்பது நொடிக்கு எத்தனை மெகாபைட் போய்வரும் என்ற கணக்கு. அதை 8-ஆல் வகுத்தால் 1600, அதாவது நாம் கடையில் 'வேகம்' என்று சொல்லும் எண். 10600 என்றிருந்தால் தோராயமாக 1333, 8500 என்றால் 1066. இறுதியில் வரும் 'எஸ்' மடிக்கணினி அளவுக் கார்டு என்பதற்கான அடையாளம். அடுத்து வரும் 11, கேட்ட தகவலைக் கொடுக்க ரேம் எடுக்கும் தாமதத்தின் கணக்கு. அதற்குப் பின் உள்ளவை வாங்குபவருக்குத் தேவைப்படாது.

ஒட்டுத்தாளின் தயாரிப்பு எண்ணும் பேசும். சாம்சங் டிடிஆர்3 கார்டுகளில் அந்த எண் 'ஒய்கே0' என்று முடிந்தால் 1.35 வோல்ட், 'சிகே0' என்று முடிந்தால் 1.5. இணையக் கடைகளில் தலைப்பு என்ன சொன்னாலும், படத்தைப் பெரிதாக்கி இந்த எண்ணைப் பாருங்கள். ஒட்டுத்தாள் தெரியாத படத்தைப் போட்டு விற்பவரிடம் நான் இனி வாங்குவதாக இல்லை.

ஒட்டுத்தாளில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது: 1ஆர்எக்ஸ்8, 2ஆர்எக்ஸ்8. கடைகளில் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் மிகப் பழைய இயந்திரங்களில் உயிர்நாடியே இதுதான். நினைவகம் ஒரே நேரத்தில் 64 பிட்டுகளைக் கொடுத்து வாங்குகிறது. ஒவ்வொரு சிப்பும் 8 பிட் அகலம் என்றால் எட்டு சிப்புகள் சேர்ந்து ஒரு வரிசை. 1ஆர்எக்ஸ்8 என்றால் ஒரு வரிசை, 8 சிப்புகள். 2ஆர்எக்ஸ்8 என்றால் இரண்டு வரிசைகள், 16 சிப்புகள். கார்டைத் திருப்பித் திருப்பி எண்ணினாலே தெரிந்துவிடும்.

இதில் என்ன வம்பு? என்னிடம் 2008-இல் வெளிவந்த திங்க்பேட் எக்ஸ்200 மடிக்கணினி ஒன்று இருக்கிறது. செயலியையும் ரேமையும் இணைக்கும் அதன் சிப்செட், ஒரு ரேம் சிப்புக்கு 2 கிகாபிட் வரைதான் படிக்கும். ஒரு பைட் 8 பிட் என்பதால் 4 ஜிபி என்பது 32 கிகாபிட். 16 சிப்புகளாகப் பிரித்திருந்தால் ஒவ்வொன்றும் 2 கிகாபிட், இயந்திரம் படிக்கும். அதே 4 ஜிபியை 8 சிப்புகளில் அடக்கியிருந்தால் ஒவ்வொன்றும் 4 கிகாபிட், அதற்குப் புரியாது. கொள்ளளவு ஒன்று, தலைமுறை ஒன்று, பின்கள் ஒன்று. இருந்தும் ஒரு கார்டு ஓடும், மற்றது ஓடாது. முதல் தலைமுறை ஐ3, ஐ5 மடிக்கணினிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. அந்த வயது இயந்திரங்களுக்கு 4 ஜிபி கார்டு வாங்கினால் 2ஆர்எக்ஸ்8, 16 சிப்புகள் என்று கேட்டு வாங்குங்கள். அக்கா மகளின் மடிக்கணினிக்கும் இதே கணக்கு ஒரு படி மேலே பொருந்தும். 8 ஜிபி என்றால் 4 கிகாபிட் சிப்புகள் 16. ஒரே கார்டில் 16 ஜிபி கொண்ட டிடிஆர்3எல் கார்டுகளும் உண்டு. அவை ஐந்தாம் தலைமுறையிலிருந்துதான் வேலை செய்யும். நான்காம் தலைமுறைக்கு அவற்றை வாங்குவது வீண் செலவு.

அதிகபட்சம் எவ்வளவு போடலாம் என்பது அடுத்த கேள்வி. தயாரிப்பாளர் சொல்லும் எண்ணை அப்படியே நம்பவும் கூடாது, தள்ளவும் கூடாது. இயந்திரம் வெளிவந்த நாளில் சந்தையில் எது பெரிய கார்டோ அதை வைத்துச் சோதித்து எழுதிய எண்ணாக அது இருக்கலாம். ஆப்பிளின் 2012 நடுவில் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவுக்கு நிறுவனம் சொன்னது 8 ஜிபி. அதில் 16 ஜிபி நன்றாகவே ஓடுகிறது. திங்க்பேட் டி61-க்குச் சொன்னது 4 ஜிபி, 8 ஓடுகிறது. ஆனால் அதற்கு முந்தைய டி60-இல் 4 ஜிபி போட்டாலும் 3 ஜிபிதான் பயனுக்கு வரும். அங்கே சிப்செட்டே எல்லை கட்டிவிட்டது. எனவே செயலிக்கும் சிப்செட்டுக்கும் இன்டெல் தரும் விவரப் பக்கத்தைப் பாருங்கள். ஐ5-4210யு-வுக்கு அங்கே 16 ஜிபி என்று இருக்கிறது. நான் கேட்டது 12.

இயங்குதளமும் எல்லை கட்டும். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை. அந்த 4-உம் முழுதாகக் கிடைக்காது. நம் ஊரில் விற்ற பல மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஹோம் பேசிக் வந்தது. அதன் 64 பிட் பதிப்பே 8 ஜிபி வரைதான் பார்க்கும். வன்பொருள் சரியாக இருந்தும் பாதி ரேம் காணவில்லை என்று தேடுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

செயலியின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுத்தாலும் சிக்கல்தான். ஆறாம் தலைமுறை ஐ5-6200யு டிடிஆர்3எல்-உம் ஏற்கும், டிடிஆர்4-உம் ஏற்கும். ஒரே செயலி கொண்ட இரண்டு மடிக்கணினிகளில் ஒன்றில் டிடிஆர்3எல் ஸ்லாட், மற்றதில் டிடிஆர்4 ஸ்லாட் இருக்கலாம். ஏழாம் தலைமுறை 7200யு-விலும் இப்படியே. பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே ஐ5 என்று அவர் வாங்கியதையே வாங்கிவிடாதீர்கள். சில இயந்திரங்களில் ஸ்லாட்டே கிடையாது. மேக்புக் ஏர் முழுவதும், 2012-இலிருந்து வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோக்களும் ரேமைப் பலகையோடு பற்றவைத்தே வந்தன. பல மெல்லிய மடிக்கணினிகளில் பாதி பற்றவைத்தும் பாதிக்கு ஒரு ஸ்லாட் விட்டும் இருக்கும்.

திறக்காமலே ஓரளவு தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் நினைவகப் பகுதி எத்தனை ஸ்லாட்டுகள், எத்தனை நிறைந்திருக்கின்றன என்று காட்டும். சிபியு-இசட் என்ற இலவச நிரல் கார்டின் தயாரிப்பு எண் வரை சொல்லும். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு கார்டிலும் தன்னைப் பற்றிய விவரங்களைத் தாங்கிய குட்டிச் சிப் ஒன்று உண்டு. இவை பெரும்பாலும் அதிலிருந்து வரும் தகவல்கள். இருந்தாலும் நான் திறந்து பார்க்கத்தான் சொல்வேன். பழைய கார்டின் ஒட்டுத்தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இயந்திரம் 1600 வரை ஓடும் என்றால் 1866 கார்டும் அங்கே 1600-இல்தான் ஓடும். இரண்டு கார்டுகளில் ஒன்று 1333 என்றால் இரண்டுமே 1333-க்கு இறங்கும். ஆனால் காலி ஸ்லாட்டை நிரப்புவது பலன் தரும். இரண்டு கார்டுகள் இருந்தால் செயலி இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் படிக்கிறது. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினிகளில் திரைக்கான வேலைக்கும் செயலி இதே ரேமைத்தான் எடுத்துக்கொள்கிறது என்பதால், அங்கே இந்த இரட்டை வழி கண்ணுக்கே தெரியும். 4-உம் 8-உம் சேர்ந்தால்? இரண்டு கார்டுகளிலும் முதல் 4 ஜிபி இரட்டை வழியில் ஓடும், மிச்சமுள்ள 4 ஒற்றை வழியில். எட்டும் எட்டும் போட்டால் இன்னும் நல்லது. நல்ல கார்டைத் தூக்கிப்போட்டு அதைச் செய்யும் அவசியம் எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் இழுப்பறையைத் திறந்தார். மதர்போர்டு கெட்டுப்போன அலுவலக மடிக்கணினி ஒன்றிலிருந்து கழற்றிய 8 ஜிபி கார்டு, ஈயநிறப் பையில் இருந்தது. பிசி3எல், 2ஆர்எக்ஸ்8, 16 சிப்புகள். இந்த முறை மூன்றையும் நானே வாய்விட்டுப் படித்தேன். "நீங்களே போடுங்கள்" என்று திருப்புளியைக் கையில் கொடுத்தார்.

பேட்டரியைக் கழற்றி, மின்கம்பி இல்லாத நிலையில் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரத்தைப் போக்கினேன். மேசையின் இரும்புக் காலைத் தொட்டு என் உடம்பின் நிலைமின்னையும் இறக்கினேன். கார்டை விளிம்பில் மட்டும் பிடித்து, பள்ளத்தை நேராக்கி, சாய்வாக உள்ளே தள்ளினேன். தங்கநிறப் பின்கள் ஏறக்குறைய முழுவதும் மறைய வேண்டும். நிறையத் தெரிந்தால் இன்னும் உள்ளே போகவில்லை. பிறகு மெல்லக் கீழே அழுத்தியதும் கவ்விகள் பிடித்துக்கொண்டன. அதே 'டக்'. முதல் நாள் அந்தச் சத்தத்தை நம்பியிருந்தேன். இப்போது திரையைப் பார்த்தபடி காத்திருந்தேன். முதல்முறை எழும்போது புதிய கார்டைப் பழகிக்கொள்ளச் சில நொடிகள் கூடுதலாக எடுக்கும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். திரை வெளிச்சமானது.

வீட்டுக்கு வந்ததும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் நிரலைப் பென்டிரைவில் எழுதி, இரவு முழுவதும் ஓடவிட்டேன். பழைய கார்டு வாங்கினால் இதைத் தவிர்க்கவே கூடாது. எழுந்துவிட்டது என்பதற்காக எல்லா முகவரிகளும் சரி என்று ஆகிவிடாது. ஒரே ஒரு பிட் பிசகினாலும் என்றோ ஒருநாள் சேமிக்கும் கோப்பு கெடும், எதனால் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. அதில் சிவப்பு வரி ஒன்று வந்தாலும் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தேன். பிழைகள் என்ற இடத்தில் 0.

அக்கா மகள் பல் துலக்கும் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டாள். உலாவியில் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பதினைந்து, பதினாறு. ஆவணத்தைத் திறந்து தட்டச்சு செய்தாள். எழுத்துகள் விரலுக்கு ஈடுகொடுத்து வந்தன. ஒன்றும் சொல்லாமல் வேலையைத் தொடர்ந்தாள்.

மாலையில் பின்மூடியை இறுதியாகத் திருகுவதற்கு முன் ஒரு துண்டுத் தாள் கேட்டேன். அவளே எழுதினாள்: 'பிசி3எல் மட்டும். 1.35 வோல்ட். 4+8.' 'எல்' என்ற எழுத்தைச் சுற்றி இரண்டு முறை வட்டம் போட்டாள். மூடியின் உள்பக்கம், சூடு படாத மூலையில், அதை ஒட்டி வைத்திருக்கிறோம்.